வாரக் கணக்கும் முட்டியின் கணக்கும்

முட்டி ஜவ்வு அறுந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் வீடு திரும்பும்போது கையில் ஒரு தாளைக் கொடுத்தனுப்புவார்கள். முதல் இரண்டு வாரம் வீக்கத்தை வடியவைத்து முட்டியை முழுதாக நீட்டப் பழகுவது, ஆறாவது வாரத்துக்குள் ஊன்றுகோலை விடுவது, மூன்றாம் மாதம் மெல்லோட்டம், ஆறாம் மாதம் மைதானம் என்று அதில் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கும். முட்டியின் முன்சிலுவைத் தசைநார், அதாவது ஏ.சி.எல்., அறுந்தவர்களுக்கான இயன்முறை மருத்துவம் பெரும்பாலும் இந்த வடிவில்தான் நடக்கிறது. இதன் வரிசையில் எனக்குக் குறை தெரியவில்லை. ஒரு கட்டம் முடிந்து அடுத்தது தொடங்கலாம் என்று முடிவு செய்வது நாட்காட்டியா, முட்டியா என்பதில்தான் கோளாறு இருக்கிறது.

முதலில் இந்த முறைக்குச் சேர வேண்டிய பெருமையைச் சொல்லிவிட வேண்டும். ஒரு காலத்தில் அறுவைக்குப் பின் காலை வாரக்கணக்கில் மாவுக்கட்டில் பூட்டிவைத்தார்கள். கட்டைப் பிரித்தால் பொருத்திய தசைநார் பத்திரமாக இருக்கும். ஆனால் முட்டி மடங்காது, தொடை சூம்பிப் போயிருக்கும். இண்டியானாபொலிஸில் பணியாற்றிய டொனால்ட் ஷெல்போர்ன், பால் நிட்ஸ் என்ற மருத்துவர்கள் இருவரும் 1990இல் வெளியிட்ட கட்டுரைதான் இந்தப் பழக்கத்தை உடைத்தது. சொல்பேச்சுக் கேட்காமல் முன்கூட்டியே காலை ஊன்றி நடந்த நோயாளிகளின் முட்டிகள், கட்டுப்பாட்டோடு இருந்தவர்களின் முட்டிகளைவிட நன்றாக இருந்ததை அவர்கள் கவனித்தார்கள். நோயாளியின் கீழ்ப்படியாமையைக் குற்றமாகப் பார்க்காமல் ஒரு தகவலாகப் பார்த்த அந்த மனப்பாங்கு எனக்கு மிகப் பெரிதாகப் படுகிறது. இன்றைய கட்டங்கள் அதன்மேல்தான் எழுந்தன.

முதல் கட்டம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை சிகிச்சை அறையில் பார்த்தால் விளங்கும். காலை நீட்டி உட்காரவைத்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டு ஒன்றை வைத்து, "துண்டை அழுத்துங்க" என்பார் பிசியோ. நோயாளி அழுத்துவதாகத்தான் நினைப்பார். புட்டம் இறுகும், குதிகால் தூக்கும், முகம்கூடச் சுருங்கும். தொடையின் முன்தசை மட்டும் தொளதொளவென்று கிடக்கும். பிசியோவின் இரண்டு விரல்கள் முட்டிச்சில்லின் மேல்விளிம்பில் காத்திருக்கும். தசை விழித்துக்கொண்டால் சில்லு சற்றே மேலே வழுக்கும். அதுவரை விடமாட்டார். மூட்டில் நீர் கோத்தால் அந்தத் தசைக்குப் போகும் கட்டளையை நரம்பு மண்டலமே குறைத்துவிடுகிறது. காயமே இல்லாத முட்டிக்குள் உப்புநீரை ஏற்றிப் பார்த்த ஆய்வுகளிலும் இதுதான் நடந்தது. ஆகவே வீக்கம் வடிவதற்கு முன் எடை தூக்கவைப்பதில் பயனில்லை. கட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியதற்கான நியாயம் இங்கே இருக்கிறது.

ஆனால் தாளில் அச்சாகியிருப்பது வாரங்கள். வீக்கம் வடியாமலே ஆறாவது வாரம் வந்துவிடும். நோயாளி தாளைப் பார்த்து, அடுத்த கட்டத்துக்குப் போகலாம் என்று நினைத்துக்கொள்கிறார். அதனால்தான் நல்ல பிசியோக்கள் தேதியைப் பார்ப்பதில்லை; நீர் இருக்கிறதா, முட்டி முழுதாக நீள்கிறதா, தசை பலம் எவ்வளவு என்று அளந்து பார்த்துதான் அனுப்புகிறார்கள். டெலவேர்–ஆஸ்லோ ஆய்வுக்குழு 2016இல் வெளியிட்ட முடிவு இதற்கு வலுச் சேர்த்தது. திரும்பித் திரும்பி ஓட வேண்டிய ஆட்டங்களுக்கு, இப்படி அளந்து பார்க்கும் தேர்வில் தேறாமலே போனவர்களில் 38.2 சதவீதம் பேருக்கு இரண்டாண்டுக்குள் முட்டியில் மறுபடி அடிபட்டது. தேறிப் போனவர்களில் 5.6 சதவீதம்தான். தேறியவர்கள் மொத்தம் 18 பேரே என்பதால் அந்தச் சதவீதத்தைக் கல்வெட்டாகக் கொள்ளக் கூடாது. போகிற திசை மட்டும் தெளிவாக இருக்கிறது.

அப்படியானால் நாட்காட்டியைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்றால், அதுவும் ஆபத்து. அதே ஆய்வில், மைதானத்துக்குத் திரும்புவதை ஒன்பதாம் மாதம்வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. வேறிடத்திலிருந்து எடுத்துப் பொருத்திய தசைநார் முதலில் தன் ரத்த ஓட்டத்தை இழக்கிறது. பழைய செல்கள் மடிந்து, புதிய ரத்தக்குழாய்களும் செல்களும் மெல்லக் குடியேறுகின்றன. அந்த இடைக்காலத்தில் அது பலவீனமாக இருக்கிறது. இந்த அறிவின் பெரும்பகுதி விலங்கு ஆய்வுகளிலிருந்து வந்தது என்பதால் மனிதர்களுக்கு வாரம் குறித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் இரண்டு மூன்று மாதத்தில் வலி போய், "எனக்குச் சரியாயிடுச்சு" என்று ஒருவர் சொல்லும் நாளில் உள்ளே தசைநார் இன்னும் முதிரவில்லை. அதை எந்த விரலாலும் தொட்டுப் பார்க்க முடியாது. இந்த ஓர் இடத்தில் காலம்தான் காவல்.

தேர்வுகளிலும் ஓட்டை உண்டு. அடிபட்ட கால், நல்ல காலின் பலத்திலும் தாவும் திறனிலும் 90 சதவீதத்தை எட்டினால் தேர்ச்சி என்பது வழக்கம். நல்ல காலும்தானே மாதக்கணக்கில் ஓய்ந்து கிடந்தது? 2017இல் வெளியான ஓர் ஆய்வில் இந்த அளவுகோலால் 70 பேரில் 40 பேர் தேறினார்கள். நல்ல காலை அறுவைக்கு முன்பே அளந்து அதோடு ஒப்பிட்டபோது 20 பேர்தான் தேறினார்கள். அறுவைக்கு முன் நல்ல காலையும் அளந்து குறித்துவைக்கக் கொஞ்ச நேரம் போதும். அதைக்கூடச் செய்யாமல் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அறுவையே செய்தாக வேண்டுமா என்ற கேள்வியையும் இந்தப் பயிற்சிமுறைதான் எழுப்பியது. ஸ்வீடனில் 121 இளைஞர்களை வைத்து நடந்த கேனான் ஆய்வில், முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் அறுவை என்று விடப்பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் ஐந்தாண்டு கழித்தும் அறுவை இல்லாமலே இருந்தார்கள். எல்லோருக்கும் இது பொருந்தாது. ஆனால் பிசியோ என்பது அறுவைக்குப் பின் ஒட்டிக்கொள்ளும் வால் என்ற எண்ணம் அதோடு போயிருக்க வேண்டும்.

நம் ஊரில் அது போகவில்லை. முதல் இரண்டு கட்டம்வரை ஒழுங்காக வருபவர், நடக்க வந்ததும் நின்றுவிடுகிறார். பஸ் செலவு, வேலை, கூலி இழப்பு எல்லாம் சேர்ந்து நிறுத்திவிடுகின்றன. குதிப்பது, திசைமாறி ஓடுவது, தரையிறங்குவது ஆகியவற்றைக் கற்றுத்தரும் கடைசிக் கட்டங்கள்தான் மறுகாயத்தைத் தடுப்பவை. பலருக்கும் கிடைக்காமல் போவதும் அவைதான். 2022 டிசம்பரில் விபத்தில் முட்டியின் பல தசைநார்கள் அறுந்த ரிஷப் பந்த் 2024 மார்ச்சில்தான் ஆடத் திரும்பினார். அவருக்குப் பெங்களூரு தேசிய கிரிக்கெட் அகாடமி இருந்தது. ஊர்க் கபடிக் குழுவில் ஆடும் பையனுக்கு ஆறாம் மாதம் என்று போட்ட ஒரு தாள் இருக்கிறது, அடுத்த வாரம் ஒரு டோர்னமென்டும் இருக்கிறது.

அந்தத் தாளில் அவன் வாழ்க்கையும் இல்லை. சம்மணம் போட்டுச் சாப்பிட எப்போது உட்காரலாம், குத்தவைத்து உட்காரும் கழிப்பறைக்கு எப்போது போகலாம் என்பதற்குப் பெரும்பாலும் பதில் கிடையாது. நாற்காலியில் வாழ்பவர்களை மனதில் வைத்து எழுதிய அட்டவணையை அப்படியே அச்சடித்துக் கொடுத்ததன் விளைவு இது. இந்த இரண்டையும் தனிக் கட்டமாகச் சேர்க்க வேண்டும். அறுவைக்குப் பணம் புரட்டும் நாளிலேயே ஒன்பது மாதப் பயிற்சிச் செலவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தாளின் ஒரு நகல் குழுப் பயிற்சியாளர் கைக்கும் போக வேண்டும். கபடியில் கணுக்காலை ஒருவன் பிடித்திருக்க, ஊன்றிய காலில் உடம்பைத் திருப்பி நடுக்கோட்டைத் தொடும் அசைவைச் சிகிச்சை அறையில் சோதிக்க முடியாது. அதற்குப் பயிற்சியாளரும் பிசியோவும் ஒரு மாலையாவது சேர்ந்து களத்தில் நின்றாக வேண்டும்.