பெட்டிக்குள் அடைபட்ட படம்

ஜாக் ஹில் இயக்கிய 'ஸ்பைடர் பேபி' பற்றிப் பழைய படச் சேகரிப்பாளர்கள் எழுதுவதில் ஒரே கதைதான் திரும்பத் திரும்ப வருகிறது. 1964இல் 12 நாளில், சுமார் 65,000 டாலரில் எடுத்தார்கள். தயாரிப்பாளர்கள் திவாலாகி, 1967 இறுதிவரை படம் முடங்கியது. பிறகு வேறு பெயர்களிலும் ஓடி, மறக்கப்பட்டது. பட்ட கஷ்டமே படத்தின் தகுதியாகிவிட்டது.

சேகரிப்பாளர்கள் இல்லையென்றால் படம் இன்று நம் கைக்கு வந்திருக்காது. 1980களில் அவர்களில் ஒருவரான ஜானி லெஜண்ட் அதை வீடியோவில் கொண்டுவந்தது பெரிய காரியம். ஆனால் கிடைத்தற்கரியது என்பதாலேயே ஒரு படம் நல்ல படமாகிவிடுமா? பொருளாகக் கையில் வந்ததும் அது என்ன செய்கிறது என்று யாரும் கேட்பதில்லை என்பதே என் நெடுநாள் குறை.

லான் சேனி ஜூனியரை எடுத்துக்கொள்ளுங்கள். வயது ஏற ஏற மனம் பின்னோக்கிச் சிதையும் பரம்பரை நோய் பீடித்த பிள்ளைகளைக் காத்துவரும் கார் ஓட்டி புரூனோவாக வருகிறார். இனி காப்பாற்ற வழியில்லை என்று தெரிந்தபின் அவர்களிடம் பேசும்போது அவர் கண் கலங்குகிறது; அந்த முரட்டு முகம் அப்படியே தளர்கிறது. பிறகு அவரே டைனமைட்டைக் கொளுத்துகிறார். கொலையும் பூனைக்கறி விருந்துமாகப் போகும் கேலிக்கு நடுவே இவ்வளவு அன்பை நிறுத்தியதுதான் படத்தின் சாதனை. சேகரிப்பாளருக்கோ அவர் 'தி உல்ஃப் மேன்' நடிகரின் கடைசிக்கால நினைவுச்சின்னம், அவ்வளவுதான்.

தொடக்கக் காட்சியை அவர்கள் கடந்துபோகும் விதம் இதைவிட மோசம். கடிதம் கொடுக்க வருபவர் மேண்டன் மோர்லண்ட், சார்லி சான் படங்களில் பர்மிங்ஹாம் பிரவுனாகக் கலக்கிய கறுப்பின நகைச்சுவைக் கலைஞர். ஜன்னலுக்குள் தலையை நீட்டுகிறார். ஜன்னல் கதவு அவர்மேல் இறங்குகிறது. அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியான வர்ஜினியா வலையை வீசி, இரு கத்திகளால் குத்துகிறாள். வெளியே கால்கள் உதைக்கின்றன, உள்ளே காது அறுந்து விழுகிறது. மிரண்டு விழிக்கும் வேடங்களிலேயே ஹாலிவுட் காலமெல்லாம் பூட்டிவைத்த மனிதரை மீண்டும் ஒருமுறை மிரள வைத்து, உடனே வெட்டிப்போடுகிறது படம். பழைய வேடத்தைப் படம் பகடி செய்கிறதா, அல்லது கடைசியாக ஒருமுறை பயன்படுத்திக்கொள்கிறதா? பயன்படுத்திக்கொள்கிறது என்றே நான் நினைக்கிறேன். மறுப்பவர்கள் மறுக்கட்டும், ஆனால் 'அரிய சிறப்புத் தோற்றம்' என்று ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்வது ரசனையே அல்ல.

இப்போது படம் அரிதும் இல்லை. ப்ளூரேயில் துலக்கமாகக் கிடைக்கிறது. அதனால்தான் வரம்பிட்ட பதிப்பு, புது அட்டைப்பெட்டி என்று அருமையைச் செயற்கையாகச் செய்ய வேண்டியிருக்கிறது. அந்தப் பெட்டியைப் பிரித்து, மோர்லண்டின் அந்தச் சில நிமிடங்களைப் பார்த்துவிட்டு ஒருவராவது என்னோடு சண்டைக்கு வரட்டும்.