விழிப்பு வேறு, காப்பு வேறு

செங்கல்பட்டில் 1968-ல் தொடங்கிய பிசிஜி தடுப்பூசிச் சோதனையைப் போல நம் மண்ணில் நடந்த மருத்துவச் சோதனை வேறில்லை. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள், இரண்டு வகைத் தடுப்பூசி, ஒப்பீட்டுக்கு மருந்தில்லா ஊசி. பதினைந்து ஆண்டு கண்காணித்தும் பெரியவர்களுக்கு நுரையீரல் காசநோயிலிருந்து பாதுகாப்பு கிடைத்ததாகத் தெரியவில்லை. சிறுவர்களிடம் சொற்பமே. பிரிட்டனில் 1950-ல் தொடங்கிய சோதனையிலோ பள்ளிப் பிள்ளைகளிடம் முக்கால் பங்குக்கு மேல் காப்பு தெரிந்தது.

ஆனாலும் 'பிசிஜி எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்புகிறது, எனவே எந்தத் தொற்றுக்கும் நல்லது' என்ற பேச்சு கொரோனா காலத்தில் மறுபடி கிளம்பியது. அதன் முதல் பாதி உண்மை. ஊசியில் இருப்பது வீரியம் குறைத்த மாட்டுக் காசநோய்க் கிருமி. அதன் செல்சுவர் துணுக்கான முராமில் டைபெப்டைடு நம் வெள்ளையணுவுக்குள் போனதும் நாட்-2 என்னும் உணர்வான் அதை அடையாளம் காண்கிறது. சுவரின் மெழுகுக் கொழுப்பை மின்கில் என்ற இன்னொரு உணர்வான் பிடிக்கிறது. உடனே அழற்சிச் சுரப்புகள் பெருகுகின்றன. நெதர்லாந்தின் நைமேகன் ஆய்வாளர்கள் 2012-ல் காட்டியது இன்னும் வியப்பானது: ஊசி போட்டு மூன்று மாதம் கழித்தும் மோனோசைட் என்னும் வெள்ளையணுக்கள் சம்பந்தமே இல்லாத கிருமிகளிடமும் வேகமாகச் சீறின. நாட்-2 இல்லாவிட்டால் அணுக்களுக்கு இந்தப் பயிற்சி கிடைப்பதில்லை.

இரண்டாம் பாதிதான் இடறுகிறது. அந்த ஆய்வு மனிதர்களிடம் அளந்தது சோதனைக் குழாயில் சுரந்த புரதத்தை; நோய் வராமல் நின்றவர்களை அல்ல. கிருமியின் அதே சுவரில் இருக்கும் லைப்போஅராபினோமன்னன் என்னும் இன்னொரு பொருள் எதிர்ப்பணுக்களை அடக்கவும் செய்கிறது. எழுப்புவதும் அமர்த்துவதும் ஒரே சுவரின் வேலை என்னும்போது, ஒரு துணுக்கின் விளைவை வைத்து முழு ஊசியை எடைபோட முடியாது. செங்கல்பட்டில் ஊசி பலிக்காததற்கு, அங்குள்ள மக்கள் மண்ணிலும் நீரிலும் உள்ள அதே இனத்துக் கிருமிகளை ஏற்கெனவே சந்தித்திருந்தார்கள், அதனால் ஊசி புதிதாக எதையும் சேர்க்கவில்லை என்ற விளக்கம் பொருத்தமாகவே படுகிறது. ஆனால் அது முழுதாக நிறுவப்படவில்லை.

கொரோனாவைப் பொறுத்தவரை 2023-ல் வெளியான பிரேஸ் சோதனை போதும். சுமார் 4,000 சுகாதாரப் பணியாளர்களிடம் பிசிஜி நோயைக் குறைக்கவில்லை.

எதிர்வாதத்துக்கும் வலு உண்டு. கினி-பிசாவில் எடை குறைந்து பிறந்த சிசுக்களுக்கு டேனிஷ் வகை பிசிஜி போட்டபோது முதல் மாத மரணம் 38 சதவீதம் குறைந்தது. சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் பைக்குள் நேரே செலுத்தும் பிசிஜி 1970-களிலிருந்தே பலன் தந்துவருகிறது. ஆக, அணுக்களின் விழிப்பு வெறும் ஆய்வகக் காட்சி அல்ல. அது எந்த வயதில், எந்த இடத்தில், எந்த வகை ஊசியால் நிகழ்கிறது என்பதே பலனைத் தீர்மானிக்கிறது.

என் தீர்ப்பு இது: பிறந்த குழந்தைக்கு பிசிஜி அவசியம். மூளைக்காய்ச்சல் காசநோயிலிருந்தும் உடலெங்கும் பரவும் காசநோயிலிருந்தும் அது காக்கிறது. பெரியவர்களுக்குப் பொதுக் கவசம் என்ற கூற்றுக்கு, செல்சுவர் அறிவியலை மட்டும் காட்டி ஆதாரம் தேட முடியாது. செங்கல்பட்டில் போல ஆண்டுக்கணக்கில் ஆட்களை எண்ணித்தான் ஆகவேண்டும். பரளச்சி, திருச்சுழிப் பக்கத்து உறவுகளே, இடது கையில் ஊசித் தழும்பு இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சளியைச் சோதித்துக்கொள்ளுங்கள்.