விருந்தாளியின் வாய்

மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கித் தருமபுரிக்குப் பஸ் ஏறுகிறவர்களில் எத்தனை பேர், பழைய தகடூருக்குப் போகிறோம் என்று நினைக்கிறார்கள்? ஔவை வந்து தங்கியது அதியமானிடம். அவன் பரிசில் தரத் தாமதித்தபோது, வாயிற்காவலனிடமே மனக்குறையைக் கொட்டிவிட்டுப் புறப்பட நின்றாள் அவள். புறநானூற்றின் 206-ஆவது பாட்டு அது.

எழுத்தாளனுக்கும் ஓவியனுக்கும் சில மாதம் அறையும் சோறும் கொடுத்து வைத்துக்கொள்வதற்கு இன்று 'ரெசிடென்சி' என்று பெயர். அப்படிக் கொடுப்பவர்கள் 1993-இல் 'ரெஸ் ஆர்ட்டிஸ்' என்று ஒரு சங்கமே அமைத்துக்கொண்டு, அவ்வப்போது மாநாடு கூட்டுகிறார்கள். அங்கே வாசிக்க நான் ஒரு தமிழ் நாவலைச் சிபாரிசு செய்வேன்: அசோகமித்திரனின் 'ஒற்றன்!'

பால் எங்கிளும் ஹுவாலிங் நியேயும் 1967-இல் தொடங்கிய அயோவா திட்டத்தில், 1973-இல் போய்த் தங்கியவர் அவர். நன்றியுரையும் இல்லை, புகார்ப் பட்டியலும் இல்லை. அயலூர்க் குளிர், பல தேசத்து எழுத்தாளர்களின் கோபதாபங்கள், தனிமை, இவைதாம் கதை. அத்தியாயங்கள் தனிக்கதைகளாக நிற்கின்றன. நாவலுக்கு இது குறை என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. விருந்தாளியின் நாட்களுக்கு ஏது கதைக்கட்டு?

உப்பிட்டவரைப் பற்றி உண்மை சொல்லலாமா என்பதுதான் கேள்வி. ஔவை உரக்கச் சொன்னாள். அசோகமித்திரன் புன்னகையோடு சொன்னார். அதியமான் இறந்தபோது உருகிப் பாடியவளும் அந்த ஔவைதான் என்பதை விருந்தளிப்பவர்கள் மறக்கவேண்டாம்.