வசப்பட்ட மனமும் வினைப்பொறுப்பும்: ‘ஃபைனல் ஃபேன்டஸி 4’ கதையை முன்வைத்து

முன்னுரை

பிறரால் ஆட்டுவிக்கப்பட்டுத் தீங்கு செய்தவனை அத்தீங்கிற்குப் பொறுப்பாளி எனக் கொள்ளலாமா என்னும் வினா மிகைபுனைவுக் கதைகளில் மீண்டும் மீண்டும் எழுவதாகும். இத்தகைய கதைகள் பலவும் மாயம் நீங்கியதும் குற்றமும் நீங்கிவிட்டதாகக் காட்டி அவ்வினாவைக் கடந்துவிடுகின்றன. ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் 1991ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஃபைனல் ஃபேன்டஸி 4’ என்னும் வீடியோ விளையாட்டின் கதை அவ்வாறு கடந்து செல்லவில்லை. ஏமாற்றப்பட்டவன், ஆசையின் வழியே வசப்பட்டவன், மனத்தையே பறிகொடுத்தவன் என மூவரை அது படைத்துள்ளது. இம்மூவரின் குற்றமும் ஒரே அளவினதன்று. ஆயினும் நேர்ந்த தீங்கை ஏற்று ஈடுசெய்யும் கடமை மூவருக்கும் உண்டு என்பதே அக்கதை உணர்த்தும் அறம் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

ஏமாற்றப்பட்டவன்

பேரன் நாட்டு வான்கப்பற்படையின் தலைவனாகிய செசில், மன்னனின் ஆணைப்படி மைசிடியா என்னும் ஊரைத் தாக்கி அங்குள்ள படிகத்தைக் கவர்ந்து வருகிறான். அச்செயலின் நியாயத்தை வினவியமையால் பதவியை இழக்கிறான். பின்னர் ஒரு மோதிரத்தை மிஸ்ட் என்னும் சிற்றூரில் சேர்க்குமாறு நண்பன் கெய்னுடன் அனுப்பப்படுகிறான். ஊரை அடைந்ததும் அம்மோதிரத்திலிருந்து தீ வெளிப்பட்டு வீடுகளை எரிக்கிறது. தாயை இழந்த ரிடியா என்னும் சிறுமி அவன் கண்முன் எஞ்சி நிற்கிறாள். மன்னனின் உருவில் ஆண்டவன் ஓர் அரக்கன் என்பது பின்னரே தெரியவருகிறது.

இங்கு இருவேறு வினைகள் உள்ளமை நோக்கத்தக்கது. மிஸ்டில் நிகழ்ந்தது அறியாமற் செய்த வினை. மைசிடியாவில் நிகழ்ந்தது ஐயுற்றும் ஆணைக்குப் பணிந்து செய்த வினை. அரக்கனின் சூழ்ச்சி வெளிப்பட்டமை இரண்டாவதைத் துடைத்துவிடுவதில்லை. செசில் மைசிடியாவிற்கு மீண்டும் வரும்போது ஊரார் அவனைச் சபித்துத் தவளையாகவும் பன்றியாகவும் உருமாற்றுகின்றனர். அவன் அதனைப் பொறுத்துக்கொண்டு, தன் இருள்வடிவைத் துறப்பதற்காக மலையேறுகிறான்.

தமிழ்க் காப்பிய மரபில் பயின்றோர்க்கு இவ்விடத்துச் சிலப்பதிகாரத்துப் பாண்டியன் நினைவிற்கு வருதல் இயல்பு. பொற்கொல்லன் ஏமாற்றினான் என்றோ ஊழ் ஊட்டியது என்றோ அவன் ஒதுங்கவில்லை. குற்றத்தைத் தன்மேல் ஏற்று உயிர்நீத்தான். பாண்டியனுக்குப் பொறுப்பேற்றல் இறப்பாக முடிந்தது. செசிலுக்கோ அது பாதிக்கப்பட்டோரிடையே தொடர்ந்து வாழ்தலாகிறது.

ஆசையின் வழியே வசப்பட்டவன்

கெய்னின் நிலை இதனினும் சிக்கலானது. கோல்பெஸ் என்னும் பகைவன் அவன் மனத்தைக் கைப்பற்றி நண்பனுக்கு எதிராகவே போரிடச் செய்கிறான். வசியம் நீங்கியபோது, தான் வெறுமனே ஆட்டுவிக்கப்படவில்லை என்றும், ரோசா தன்னருகில் இருக்கவேண்டும் என்ற ஆசையும் தன்னுள் இருந்தது என்றும் கெய்ன் ஒப்புக்கொள்கிறான். ரோசா செசிலைக் காதலிப்பவள். ஆசை கொள்ளுதல் குற்றமன்று. ஆயின் பிறன் நுழைவதற்கு அவ்வாசையே வாயிலாயிற்று என்பதை அறிந்தபின் அவ்வாயிலைக் காத்தல் அவனது கடமையாகிறது. அக்கடமையில் அவன் மீண்டும் தோற்கிறான். அரிதில் பெற்ற படிகத்தைக் கோல்பெஸின் குரல் கேட்டு எடுத்துச் சென்றுவிடுகிறான்.

இரண்டாம் முறை திரும்பி வந்தபோது, மறுபடியும் வசப்பட்டால் என் செய்வது என எட்ஜ் என்னும் தோழன் வினவுகிறான். அவ்வாறு நேரின் தன்னைத் தயங்காது வெட்டிவிடுமாறு கெய்ன் கூறுகிறான். ‘அது நானன்று’ என்னும் எளிய விடையை அவன் கூறவில்லை என்பதே இப்பாத்திரப் படைப்பின் சிறப்பு. கதை முடிவில் நண்பனின் முடிசூட்டு விழாவிற்கும் வாராது அவன் மலையில் தனித்து நிற்கிறான்.

மனத்தைப் பறிகொடுத்தவன்

கோல்பெஸ் செசிலின் தமையன் என்பதும், நிலவில் அடைபட்டிருந்த ஜெமுஸ் என்பவன் அவன் மனத்தை ஆட்டுவித்தான் என்பதும் பிற்பகுதியில் புலனாகின்றன. மூவருள் குறைந்த குற்றமுடையவன் இவனே எனலாம். ஆயினும் மனந்தெளிந்த கணமே ஜெமுஸை எதிர்க்கத் தானே நிலவிற்குப் புறப்படுகிறான். குற்றமில்லாதவிடத்தும் பொறுப்பு எஞ்சும் என்பதை அவன் செயல் காட்டுகிறது.

எனினும் கதையின் குறைபாடும் இங்கேயே உள்ளது. கோல்பெஸ் நிலவிலேயே தங்கிவிடுகிறான். அவன் ஆணையால் அழிந்த தம்சியான் நாட்டில் உறவை இழந்தோர் முன்னிலையில் அவன் நிற்பதாகக் காட்டப்படவில்லை. செசிலிடம் ரிடியா நம்பிக்கை கொள்ளும் மாற்றமும் மிக விரைவில் நிகழ்ந்துவிடுகிறது. வசப்பட்டவரின் துயரத்தை விரித்துரைக்கும் கதை, அவரால் கெட்டழிந்தோரின் துயரத்தைச் சுருக்கிவிடுகிறது.

விளையாட்டு வடிவத்தின் பங்கு

இவ்வறச்சிக்கலை விளையாட்டு வடிவமே கூர்மைப்படுத்துகிறது. மோதிரத்தை மிஸ்டிற்குக் கொண்டு செல்லாமல் விளையாடுபவர் மேற்செல்ல இயலாது. செசிலைப் போலவே அவரும் அறியாது அவ்வழிவிற்குத் துணைபோகிறார். தம் கட்டளைக்கு உட்பட்டிருந்த கெய்ன் திடீரென அக்கட்டளையினின்று விலகும்போது, வசியத்தின் பொருளை அவர் இழப்பாக உணர்கிறார். மலையுச்சியில் செசில் தன் இருள்வடிவை எதிர்கொள்ளும் போரில் வாளோங்காது அடிகளைத் தாங்கி நிற்பதே வெல்லும் வழியாகும். பொறுப்பேற்றல் என்பது திருப்பித் தாக்குவதன்று என்பதை விளையாட்டு விதியாலேயே படைப்பு உணர்த்துகிறது.

முடிவுரை

குற்றம் வேறு, பொறுப்பு வேறு. முன்னது அறிவையும் விருப்பத்தையும் பொறுத்தது. பின்னது நேர்ந்த தீங்கைப் பொறுத்தது. வசப்பட்ட மனத்தைப் பழிக்காமலும், அதே வேளையில் அதனை விடுவித்துவிடாமலும் இருத்தற்கு இவ்வேறுபாடு இடந்தருகிறது. பாதிக்கப்பட்டோரின் குரலுக்கு இன்னும் இடமளித்திருப்பின் இக்கதையின் அறநோக்கு முழுமை பெற்றிருக்கும்.