கரப்பான் என்னும் சொல்

ஓர் இலக்கியப் படைப்பைத் திறனாய்வு செய்வதுபோல ஒரு வானொலியையும் திறனாய்வு செய்ய இயலுமா? இயலும், செய்தே ஆகவேண்டும் என்பதுதான் ருவாண்டா நாடு கற்பிக்கும் பாடம். 1993 ஜூலையில் அந்நாட்டில் ‘ஆர்.டி.எல்.எம்.’ என்னும் தனியார் வானொலி ஒலிக்கத் தொடங்கியது. ஏறத்தாழ ஓராண்டே நிலைத்த அந்நிலையம், கருத்துரிமை எங்கே முடிகிறது, வெறுப்புப் பேச்சு எங்கே தொடங்குகிறது என்னும் வினாவை இரத்தத்தால் எழுதிச் சென்றது.

முதலில் அதன் நடையைக் காண்போம். அரசு வானொலி விறைப்பான மொழியில் பேசிக்கொண்டிருந்த காலத்தில், இந்நிலையம் துள்ளிசையோடும் கேலியோடும் தெருப்பேச்சின் இயல்போடும் வந்தது. நேயர்களும் அதில் பேசினர். இளைஞர் விரும்பிக் கேட்டனர். வெறுப்பு அங்கே பகைவனின் முகத்தோடு வரவில்லை. நண்பனின் குரலோடு வந்தது.

அடுத்தது அதன் சொல்லாட்சி. டுட்சி இனத்தாரைச் சுட்ட ‘இன்யென்சி’ என்னும் சொல் மீண்டும் மீண்டும் ஆளப்பட்டது. கரப்பான்பூச்சி என்பது அதன் பொருள். 1960-களில் எல்லை கடந்து தாக்கிய டுட்சிப் போராளிகளைக் குறித்த அச்சொல், நாளடைவில் வயலில் உழைப்பவரையும் தொட்டிலில் உறங்கும் மழலையையும் குறிப்பதாயிற்று. கொலையோ ‘வேலை’ என்னும் எளிய சொல்லால் வழங்கப்பட்டது. மனிதன் பூச்சியாகவும் கொலை வேலையாகவும் பெயர் மாறியபின், மனச்சான்று எதைக் கண்டு அஞ்சும்?

அச்சு ஊடகமும் பின்தங்கவில்லை. ‘கங்குரா’ என்னும் இதழ் 1990 டிசம்பரில் ஹூட்டு இனத்தார்க்கெனப் ‘பத்துக் கட்டளைகளை’ வெளியிட்டது. டுட்சிப் பெண்ணை மணப்பவன் துரோகி என்றும், டுட்சியர்மீது இரக்கம் காட்டலாகாது என்றும் அவை விதித்தன. கத்தோலிக்கர் பெரும்பான்மையாய் வாழ்ந்த நாட்டில், சீனாய் மலையின் வடிவத்தையே களவாடி, இரக்கத்தைக் குற்றமாக்கினர்.

1994 ஏப்ரல் 6 அன்று அதிபர் ஹபியாரிமானா பயணம் செய்த விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அடுத்த நூறு நாள்களில் ஏறத்தாழ 8 இலட்சம் பேர் கொல்லப்பட்டதாக ஐக்கிய நாடுகள் அவை மதிப்பிடுகிறது. கொல்லப்படவேண்டியோரின் பெயர்களையும் இருப்பிடங்களையும் வானொலியே அறிவித்தது. நியாமட்டா ஆலயத்தில் தஞ்சம் புகுந்த ஆயிரக்கணக்கானோர் அங்கேயே மாண்டனர். அவ்வேளையில் இவ்வொலிபரப்பை முடக்கலாமா என அமெரிக்க அரசு அதிகாரிகள் ஆராய்ந்தபோது, செலவோடு பேச்சுரிமைக் கொள்கையும் ஒரு தடையாகச் சொல்லப்பட்டது. உயிரைக் காக்கவேண்டிய உரிமை, கொலைஞனின் ஒலிபெருக்கிக்குக் காவலாய் நின்ற அவலம் இது.

பின்னர் அருஷா நகரில் பன்னாட்டுத் தீர்ப்பாயம் கூடியது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்த தமிழ் வழிவந்த நீதிபதி நவநீதம் பிள்ளை தலைமையிலான அமர்வு, 2003 டிசம்பர் 3 அன்று, வானொலியின் நிறுவனர் இருவரையும் கங்குராவின் ஆசிரியரையும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. துப்பாக்கியோ அரிவாளோ ஏந்தாமலே ஆயிரக்கணக்கானோர் சாவுக்குக் காரணமானீர் என்று நிறுவனருள் ஒருவரான நஹிமானாவிடம் அவர் கூறினார். 2007 நவம்பரில் மேல்முறையீட்டு அமர்வு குற்றச்சாட்டுகள் சிலவற்றை நீக்கித் தண்டனைகளைக் குறைத்தது. வெறுப்புப் பேச்சு அனைத்தும் இனப்படுகொலைக்கான நேரடித் தூண்டுதல் ஆகிவிடாது என்று பிரித்துக் காட்டியது.

இத்தயக்கம் குறையெனச் சிலருக்குத் தோன்றலாம். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. அதே ருவாண்டாவில், இனப்படுகொலைச் சிந்தனையைத் தடுக்கவென 2008-இல் இயற்றப்பட்ட சட்டம், தெளிவற்ற சொற்களால் எதிர்க்கட்சியினரையும் இதழாளரையும் வாயடைக்க உதவியது என மனித உரிமை அமைப்புகள் கண்டித்தன. எனவே சட்டம் கிழிக்கும் கோடு குறுகியதாயும் தெளிவானதாயும் இருத்தல் வேண்டும். ஆட்சியாளரைச் சாடுவதும், ஒரு கொள்கையை மறுப்பதும், ஏன், நம் திருச்சபையைக் குறைகூறுவதும்கூட உரிமையின் எல்லைக்குள் அடங்குவனவே.

ஆனால் சட்டம் எப்போதும் காலந்தாழ்த்தியே வரும். பத்துக் கட்டளைகள் அச்சேறியது 1990-இல். தீர்ப்பு வந்தது 2003-இல். இடைப்பட்ட காலத்தில் எல்லையைக் காக்கவேண்டியவர் யார்? கேட்பவரும் வாசிப்பவருமே. அவர்தம் மனச்சான்றின் கோடு சட்டத்தின் கோட்டுக்கு வெகு முன்னரே தொடங்குகிறது. ஒருவரை அவர் செய்த செயலுக்காகக் கண்டிப்பது கருத்து; அவர் பிறந்த பிறப்புக்காகப் பூச்சி என்பது வெறுப்பு. அச்சொல் முதன்முறை ஒலித்தபோது சிரித்துவிட்டு அமர்ந்திருந்தோர் பலர் நம்மைப்போல் திருப்பலிக்குச் சென்றவர்களே.

2017 மார்ச் 20 அன்று திருத்தந்தை பிரான்சிஸ், அப்படுகொலையில் திருச்சபையும் அதன் உறுப்பினர்களும் இழைத்த பாவங்களுக்காக இறைவனின் மன்னிப்பை வேண்டினார். நாவைச் சிறு நெருப்புக்கு ஒப்பிட்டார் யாக்கோபு. அந்நெருப்புக்கு விறகாவது செவியே. திருப்பலியின் தொடக்கத்தில், சொல்லால் செய்த பாவத்தோடு, செய்யத் தவறிய கடமையையும் நாம் அறிக்கையிடுகிறோம். நம் வீட்டுத் திண்ணையில் ஓர் இனத்தாரோ சாதியாரோ சமயத்தாரோ பூச்சியாக்கப்படும்போது, நாம் சொல்லாமல் விட்ட மறுப்பும் அக்கணக்கில் அடங்கும் அன்றோ?