கைக்கு எட்டாத தொடு அட்டை

பாலர் வகுப்புகளில் பரவலாகக் காணப்படும் சாதனங்களில் ஒன்று தொடு அட்டை. ஒரு சார்ட்டில் பஞ்சு, உப்புத்தாள், சாக்குத் துணி, ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டி, கீழே ஸ்கெட்ச் பேனாவில் ‘மென்மை’, ‘சொரசொரப்பு’, ‘வழவழப்பு’ என்று எழுதியிருப்பார்கள். பிள்ளை தடவிப் பார்த்து, எப்படி இருக்கிறதென்று சொல்ல வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நீளும் தோல் வட்டாரத்தில் இந்த அட்டையைப் பார்க்கும்போது ஒன்று உறுத்துகிறது. வெளியே ஊரில் பாதிப் பேர் விரல் நுனியை நம்பிப் பிழைக்கிறார்கள். உள்ளே, அவர்கள் வீட்டுப் பிள்ளைக்குத் தொடுவுணர்வு மூன்று சொல்லில் முடிந்துபோகிறது.

பயிற்சியே வீண் என்று சொல்ல வரவில்லை. தொடுவுணர்வின் அருமையை இந்த வட்டாரத்து வேலூருக்கு வெளியாள் வந்து சொல்லித்தர வேண்டியதும் இல்லை. 1946இல் அங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரலும் பாதமும் சிதைவதற்கு முக்கியக் காரணம் மரத்துப்போன உறுப்பில் தெரியாமலே பட்டுக்கொண்டிருக்கும் காயமும் சூடும்தான் என்று எடுத்துக்காட்டினார். சதை தானாக அழுகி உதிர்கிறது என்ற பழைய நம்பிக்கை அதில் ஆட்டம் கண்டது. கரிகிரி தொழுநோய் மையத்தின் சிகிச்சையும் செருப்பும் இந்தப் புரிதலின் மேல்தான் வளர்ந்தன. சுடுகிறது, குத்துகிறது, இந்த இடத்தில் உறுத்துகிறது என்று சரியாகச் சொல்லத் தெரிந்த பிள்ளை தன் உடம்பைக் காத்துக்கொள்ளக் கற்றிருக்கிறது. இந்தப் பயிற்சிக்கு அந்த ஒரு நியாயமே போதும்.

தொடு அட்டையின் மூலம் மரியா மாண்டிசோரி. 1907இல் ரோம் நகரத்து ஏழைக் குடியிருப்பில் பள்ளி தொடங்கியவர், 1939இல் அடையாறு தியாசபிகல் சொசைட்டிக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவருடைய பலகை பாதி வழவழப்பு, பாதி உப்புத்தாள். அடுத்த கட்டம் நுணுக்கமானது: கரகரப்பில் கொஞ்சம் கொஞ்சமாக வேறுபடும் உப்புத்தாள் வில்லைகளைத் தடவியே ஜோடி சேர்க்க வேண்டும். கண்ணால் ஏமாற்ற முடியாதபடி எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. அவரிடமிருந்து நம் வகுப்புகளுக்கு வந்தது ஒட்டும் பழக்கம் மட்டுமே. ஏறுவரிசை வழியில் எங்கோ தொலைந்துவிட்டது. பஞ்சுக்கும் உப்புத்தாளுக்கும் வித்தியாசம் சொல்ல மூன்று வயது வரை காத்திருக்கத் தேவையில்லை, கைக்குழந்தைக்கே தெரியும். பழைய காட்டன் புடவைக்கும் புதுக் காட்டன் புடவைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால்தான் விரல் வேலை செய்யத் தொடங்கும்.

மாண்டிசோரி முறையிலும் ஒரு குறை உண்டு. ஒரு நேரத்தில் ஒரே குணம் என்று பிரித்துக் கொடுப்பது அதன் பலம், அதுவே அதன் எல்லையும்கூட. உலகத்துப் பொருள் எதுவும் ஒரே குணத்தோடு கைக்கு வருவதில்லை. 1987இல் சூசன் லெடர்மன், ராபர்ட்டா கிளாட்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் கை எப்படி அறிகிறது என்று கவனித்து வகைப்படுத்தினார்கள். சொரசொரப்பை அறியக் கை தடவுகிறது. கெட்டியா என்று பார்க்க அழுத்துகிறது. குளிர்ச்சிக்கு அசையாமல் வைத்துப் பார்க்கிறது. எடைக்குத் தூக்கிப் பார்க்கிறது. உருவத்துக்குப் பொத்திப் பிடிக்கிறது, விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டுகிறது. இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு தொடு அட்டையைப் பாருங்கள். ஒட்டிய பொருளைத் தூக்க முடியாது, மடிக்க முடியாது, கசக்க முடியாது, பொத்தவும் முடியாது. தடவலாம், ஒப்புக்குக் கொஞ்சம் அழுத்தலாம், அவ்வளவுதான். நான் பார்த்த ஒரு அங்கன்வாடி மையத்தில் அதுவும் நடக்கவில்லை. பிள்ளைகள் கிழித்துவிடுவார்களாம். மேற்பார்வைக்கு வருபவர் கண்ணில் படும் உயரத்தில், கதவுக்கு மேலே அட்டையை ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள்.

இப்போது ஷூ கம்பெனிக்குத் தோல் தரம் பிரிப்பவரைப் பாருங்கள். அவர் தோலை மேசையில் விரித்து உள்ளங்கையால் ஒரு முறை நீவுகிறார். பிறகு மேல்புறம் உள்ளே போகும்படி மடித்து, மடிப்பில் விழும் சுருக்கத்தைப் பார்க்கிறார். சுருக்கம் பொடிப்பொடியாக விழுந்தால் நல்ல தோல். குழாய் குழாயாகத் தடித்து எழும்பினால் மேல்பரப்பு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம், அது வேறு அடுக்குக்குப் போகும். முதுகுப் பக்கத்தையும் வயிற்றுப் பக்கத்தையும் மாறி மாறித் தொடுகிறார், ஏனென்றால் ஒரே தோலில் இரண்டும் ஒரே மாதிரி இருக்காது. ‘மென்மை’ என்ற சொல்லைத் தனியாக வைத்துக்கொண்டு அவருக்கு ஒரு வேலையும் ஆகாது. எதைவிட, எந்த இடத்தில், மடித்தாலா நீவினாலா என்பதுதான் அவருக்குச் செய்தி. வட்டாரத்தில் பல பெண்கள் வீட்டிலேயே ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்துக் கொடுக்கிறார்கள். ஊசி எங்கே லேசாக இறங்கும், எங்கே முரண்டு பிடிக்கும் என்று அவர்கள் விரலுக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை இதையெல்லாம் பார்க்கிறது. பாலர் வகுப்புக்கு வந்ததும், வீட்டில் பார்த்த இந்தக் கணக்கு எதுவும் செல்லுபடியாவதில்லை.

ஒப்பிட, மடிக்க, அழுத்த, தூக்க வாய்ப்புக் கொடுங்கள் என்பதுதான் என் வாதம். அதற்கு விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். ‘சென்சரி கிட்’ என்று கடைகளில் விற்பதில் பெரும்பகுதி பல வடிவத்தில் வார்த்த ஒரே பிளாஸ்டிக். அதைவிட 2023இல் புவிசார் குறியீடு பெற்ற வேலூர் முள்ளு கத்தரிக்காய் ஒன்று போதும். தோல் மொழுமொழுவென்று விரலை வழுக்கிவிடும். காம்பிலும் தொப்பியிலும் முள், அதனால் எங்கே பிடிப்பது என்பதே பிள்ளைக்கு முதல் கேள்வி. அழுத்தினால் ஸ்பாஞ்ச் போல உள்ளே போகும், முற்றல் என்றால் விறைத்து நிற்கும். பெரியவர் நறுக்கிக் கொடுத்தால் விதை நறநறவென்று நெருடும். கொஞ்ச நேரம் வைத்திருந்தால் வெட்டிய முகம் கறுத்துப் பிசுபிசுக்கும். அங்கன்வாடி சமையலறைக்கு வரும் காய்தானே இது. சீரகச் சம்பாவையும் ரேஷன் அரிசியையும் இரண்டு கிண்ணத்தில் கொட்டி, கண்ணை மூடிக் கை விடச் சொல்லலாம். கண்ணைக் கட்டத்தான் கூடாது, சில பிள்ளைகள் மிரண்டுபோவார்கள். ஈரமான, கொழகொழப்பான பொருளைத் தொடவே மறுக்கும் பிள்ளையின் கையைப் பிடித்து அழுத்துவதும் வேண்டாம். வேண்டாமென்று கையை இழுத்துக்கொள்வதும் தொடுவுணர்வு பேசும் முறைதான்.

சொல்லும் விஷயத்தில் அட்டையின் குறை இன்னும் பெரிது. வீட்டில் பிள்ளை கேட்பது மெத்துமெத்து, புசுபுசு, மொரமொர, சதசத. அட்டையில் இருப்பது ‘மென்மை’. ஸ்பாஞ்சைத் தொட்டு “இட்லி மாதிரி” என்று சொன்ன பிள்ளையைத் திருத்தி ‘மென்மை’ என்று சொல்லவைக்கும்போது, அது செய்த ஒப்பீட்டை அழித்துவிட்டு ஒரு மனப்பாடச் சொல்லை வைக்கிறோம். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உருது பேசும் வீட்டுப் பிள்ளைகள் ஏராளம். ‘நரம்’, ‘சிக்னா’ என்று அவர்கள் வாயில் வரும் சொல்லை முதலில் ஏற்றுக்கொண்டு, பிறகு தமிழ்ச் சொல்லைப் பக்கத்தில் வைத்தால் என்ன குடி முழுகிவிடும்? மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை ஒரு பணியாளரே பார்த்துக்கொண்டு, பதிவேடும் எடையும் எழுதும் இடத்தில், ஒவ்வொரு பிள்ளையின் “மாதிரி”யையும் கேட்டு நிற்க நேரம் ஏது? சார்ட் அந்த நெருக்கடிக்குக் கிடைத்த எளிய வழி. பணியாளரைக் குறைசொல்லிப் பயனில்லை.

சரி, தோலையே வகுப்புக்குக் கொண்டுவரலாமே? இங்கேதான் என் வாதம் தடுமாறுகிறது. இன்று பெரும்பாலான தோல் குரோமிய உப்பில் பதமாகிறது. தோலுக்குள் அது நச்சு மிகுந்த ஆறு இணைதிற குரோமியமாக மாறவும் கூடும். உடம்பில் படும் தோல் பொருளில் அது கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் மே 2015 முதல் வரம்பு வைத்திருக்கிறது. ஏற்றுமதியாகும் ஷூவுக்குப் பரிசோதனை உண்டு. தெருவில் கிடக்கும் வெட்டுத்துண்டுக்கு யார் பரிசோதனை செய்தார்கள்? பாலாற்றைத் தோல் கழிவு கெடுத்த வழக்கில் 1996லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன வட்டாரம் இது. எதையும் வாயில் வைக்கும் வயதுப் பிள்ளையிடம் பொறுக்கிய துண்டைக் கொடுப்பது மடத்தனம்.

ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதமிட்ட பழைய பாணித் தோலைக் கொடுக்கலாம் என்றால், அடுத்த தடை வேதியியலில் இல்லை. தோல் வேலையோடு ஒட்டிக்கொண்ட சாதி இழிவை இந்த ஊர் இன்னும் முழுக்க உதறவில்லை. தன் பிள்ளையாவது வேறு வேலைக்குப் போகட்டும் என்று வகுப்புக்கு அனுப்பும் தாய், அங்கேயும் தோல் துண்டைப் பார்த்தால் முகம் சுளிப்பது நியாயமே. ஆகவே பெற்றோரைக் கூட்டிக் கேட்காமல் எந்த மையமும் இதைத் தொடங்கக் கூடாது. அவர்கள் ஒப்பினால், அந்தத் தாயே வந்து உட்கார்ந்து, ஒரே தோலின் முதுகையும் வயிற்றையும் மடித்துக் காட்டட்டும். ஒப்பாவிட்டால் விட்டுவிடலாம். கத்தரிக்காயும் இரண்டு கிண்ணம் அரிசியும் இருக்கின்றன. அட்டையைக் கதவுக்கு மேலிருந்து இறக்குவதை மட்டும் நாளைக்கே செய்துவிடலாம்.