கண்ணுக்குத் தெரியாத அண்ணன்

மாடிப்படி ஏறுகிறான் ஒருவன். ஒவ்வொரு தளத்திலும் சுவரை நிறைத்து ஒரு முகம்! அடர்ந்த கருமீசை, பார்ப்பவன் எப்பக்கம் நகர்ந்தாலும் உடன் நகரும் கண்கள். அறைக்குள் நுழைகிறான்; அங்கே ஒரு திரை. அவன் அதைப் பார்க்கிறான். அது அவனைப் பார்க்கிறது! முணுமுணுத்தால் அதற்குக் கேட்கும். முகம் சுளித்தால் அதற்குத் தெரியும். ஒளியைக் குறைக்கலாம், அணைக்க முடியாது. ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1949-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘1984’ என்னும் புதினம் இப்படித்தான் தொடங்குகிறது. சுவரில் தொங்கும் அந்த முகத்துக்கு அந்நாட்டிலே வழங்கும் பெயர், பெரிய அண்ணன்!

அண்ணன்! தமிழர் செவிக்குத் தேன் போன்ற சொல். தந்தையிடம் கூறத் தயங்குவதையும் அண்ணனிடம் கூறுவோம். அந்த இனிய சொல்லையே அச்சத்தின் பெயராக்கிக் காட்டுகிறார் ஆர்வெல். கொடுங்கோலன், ‘நான் கொடுங்கோலன்’ என்று பறை சாற்றிக்கொண்டு வருவதில்லை. உறவு கொண்டாடிக்கொண்டே உள்ளே நுழைகிறான்! இந்நூல் நமக்குத் தரும் முதற்பாடம் இது.

நூலைப் படித்தோர் பலர், அந்தத் திரையைக் கண்டே திகைத்து நின்றுவிடுகின்றனர். ‘பார்த்தீர்களா, விஞ்ஞானம் விளைத்த வினையை!’ என்று பேச வைதீகருக்கும் ஒரு வாய்ப்பு. நாம் கேட்கிறோம்: எங்கும் நிறைந்து, எல்லாவற்றையும் பார்த்து, எண்ணத்தையும் எடைபோட்டு, ஏட்டில் குறித்துவைத்துத் தண்டிக்கும் ஒருவனை ஆர்வெலா முதன்முதலில் படைத்தார்? சித்திரகுப்தனின் கணக்கேடு எந்த விஞ்ஞானக் கூடத்திலே தயாராயிற்று?

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! பெரிய அண்ணனை நேரில் கண்டவர் எவருமில்லை. அவன் பிறந்தானா, இறப்பானா, யாரும் அறியார். வெற்றி அனைத்தும் அவன் அருள். தோல்வி அனைத்தும் பகைவனின் சதி. அவன் தவறே செய்யாதவன். கடவுளுக்கு நம் பழமைவாதிகள் வகுத்த இலக்கணம் அல்லவா இது? அவனுக்குப் பூசாரிகள் உண்டு. கட்சியின் உள்வட்டத்தார் அவர்கள். புராணிகரும் உண்டு, அவர்கள் இருக்குமிடத்துக்கு உண்மை அமைச்சகம் என்று பெயர்! கதைத் தலைவன் வின்ஸ்டன் அங்கேதான் ஊழியம் பார்க்கிறான். நேற்று ஆட்சி கூறியது இன்று பொய்த்துவிட்டால், நேற்றைய செய்தித்தாளையே திருத்தி அச்சிடுவார்கள். மூலத்தாள் நெருப்புக்கு இரை. பிறகு யார் எதை வைத்து மறுப்பது? புராணம் எப்படிப் பிறக்கிறது என்பதை இதனினும் தெளிவாக விளக்கிட இயலுமோ?

அந்த நாட்டிலே அகராதிக்கும் நோய். பதிப்புக்குப் பதிப்பு மெலிகிறது! சொற்களைக் குறைத்துக்கொண்டே போனால், எதிர்ப்பை எண்ணவும் சொல் கிடைக்காது என்பது ஆட்சியாளர் திட்டம். மொழியைக் காக்க 1938-லும் 1965-லும் சிறை புகுந்தாரின் வழிவந்த நமக்கு, இப்பகுதியின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

இக்கருத்து ஆர்வெலுக்கு எங்கிருந்து கிடைத்தது? அவருக்கு முன்பே ரஷ்ய எழுத்தாளர் சம்யாத்தின், 1920-21-இல் ‘நாங்கள்’ என்றொரு புதினம் எழுதினார். அதிலே மக்களுக்குப் பெயரில்லை, எண்தான். வீடுகளுக்குச் சுவரெல்லாம் கண்ணாடி. அந்நூல் 1924-இல் ஆங்கில மொழிபெயர்ப்பாகவே முதலில் வெளிவந்தது. சொந்த நாட்டிலே அச்சேற 1988 வரை காத்திருந்தது! ஆர்வெல் அதைப் படித்து 1946-இல் மதிப்புரை எழுதினார். எனவே, இவையெல்லாம் பொதுவுடைமை நாட்டுக்கு மட்டுமே உரிய நோய் என்று கூறித் தப்பப் பார்ப்போர் உண்டு. ஆனால் ‘1984’ சமதர்மத்தைத் தாக்கும் நூல் அன்று என்று ஆர்வெலே 1949-இல் விளக்கம் தந்தார். மேலும், அவர் பிறந்தது 1903-இல், பீகாரின் மோதிகாரியில். தந்தை, வெள்ளையர் அரசின் அபினித் துறை அலுவலர். 1922 முதல் 1927 வரை ஆர்வெல் பர்மாவிலே ஏகாதிபத்தியப் போலீஸ் அதிகாரி. கண்காணிப்பவனின் நாற்காலியிலேயே அமர்ந்து பார்த்தவர் அவர்!

நூலின் சிறப்பைச் சொன்னோம். குறையையும் கூறவேண்டும். அந்த நாட்டு மக்களில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் பாட்டாளிகள். நம்பிக்கை அவர்களிடந்தான் இருக்கிறது என்று வின்ஸ்டன் எண்ணுகிறான். ஆனால் கதையிலே அவர்களுக்குக் கிடைத்த இடம் என்ன? துணி உலர்த்தியபடி பாடும் ஒருத்தி. மதுக்கடையிலே உளறும் ஒரு கிழவர். இறுதியிலே வின்ஸ்டன் சித்திரவதைக்கு ஆளாகி, இரண்டும் இரண்டும் ஐந்து என்று ஒப்பி, பெரிய அண்ணன்மீது அன்பும் கொண்டுவிடுகிறான். ஆர்வெல் கண்காணிப்பின் வலிமையை அளந்தார். கண்காணிக்கப்படும் மக்களின் வலிமையை அளக்கவில்லை!

வரலாறு அளந்திருக்கிறது. ஆர்வெல் பர்மாவுக்குப் போவதற்கு ஈராண்டுகளுக்கு முன், அதே ஏகாதிபத்தியத்தின் போலீசார், உசிலம்பட்டிக்கு அருகேயுள்ள பெருங்காமநல்லூருக்குள் நுழைந்தனர். குற்றப் பரம்பரைச் சட்டத்தின்படி, பிறந்த குலத்தையே குற்றமாக்கி, ஊராரின் கைரேகையைப் பதிவு செய்யப் புறப்பட்டனர். இரவானால் காவல் நிலையத்தில் ஆளைக் காட்டவேண்டும் என்னும் சட்டம் அது. ‘பதியமாட்டோம்’ என்றனர் அவ்வூரார். அவர்கள் ‘1984’ படித்தவர்களல்லர். அந்நூல் அப்போது பிறக்கவேயில்லை. 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கி பேசிற்று. ஒரு பெண் உட்படப் பதினாறு உயிர்கள் சாய்ந்தன. 1947-இலே அச்சட்டம் சென்னை மாகாணத்தில் ஒழிந்தது.

கிழக்கு ஜெர்மனியைப் பாருங்கள். ஏறத்தாழ 1 கோடியே 60 லட்சம் மக்கள். அவர்களை வேவு பார்க்க 1950-இல் அமைந்த ‘ஸ்டாசி’க்கு, 1989-இலே சுமார் 91,000 முழுநேர ஊழியர், அதற்கும் மேலாக லட்சத்துக்கு அதிகமான ஒற்றர். நண்பன் நண்பனைப் பற்றிக் குறிப்பு எழுதினான். கணவன் மனைவியைப் பற்றி எழுதியதும் உண்டு. கோப்புகளை வரிசையாக அடுக்கினால் நூறு கிலோமீட்டருக்கும் மேல்! அவ்வளவு அறிந்திருந்த ஆட்சி, தன் காலடி மண் சரிவதைத் தடுக்க இயலவில்லை. 1990 சனவரி 15 அன்று, பெர்லினில் அதன் தலைமையகத்துக்குள் மக்களே புகுந்தனர். தன்மீது எழுதப்பட்ட கோப்பைத் தானே படிக்கும் உரிமையை 1991-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்குத் தந்தது.

இன்று, சுவரில் திரையை மாட்ட எவரும் வரவேண்டியதில்லை. நாமே விலை கொடுத்து வாங்கிச் சட்டைப்பையிலே வைத்துக்கொண்டிருக்கிறோம்! அமெரிக்க உளவு அமைப்பு தன் குடிமக்களின் தொலைபேசிக் குறிப்புகளைத் திரட்டிவைத்திருந்ததை 2013-இல் எட்வர்ட் ஸ்னோடன் உலகுக்குக் காட்டினார். 2017 ஆகஸ்ட் 24 அன்று, தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். தீர்ப்பு, ஏட்டிலே இருக்கும் வாள். எடுத்து வீசும் கை நம்முடையதாக இருக்கவேண்டும்.

இவ்வளவும் கூறியபின், சொல்லத் தயங்கும் ஒன்று மிச்சமிருக்கிறது. பெரிய அண்ணனை மாஸ்கோவிலும் பெர்லினிலும் தேடினால் போதுமா? நம் பந்தலிலும் தேடவேண்டாமா? ‘இன்றைய ஆட்சிமுறை ஏன் ஒழியவேண்டும்?’ என்று ‘குடி அரசு’ எழுதியதற்காகப் பெரியாரையும் அவர் தங்கை கண்ணம்மாளையும் 1933-இலே கைது செய்தது வெள்ளையர் அரசு. 1975-இலே நெருக்கடிநிலைத் தணிக்கை, நம் ஏடுகளின் வரிகளை வெட்டிற்று. வெட்டுப்பட்ட வலி அறிந்த நாம், நம்மைக் கேள்வி கேட்கும் பிள்ளையை ‘துரோகி’ என்று ஒரே சொல்லால் வெட்டலாமா? வானளாவத் தலைவர் உருவை நிறுத்திவிட்டு, அவர் பழைய பேச்சில் நமக்கு இன்று இடைஞ்சலான வரியைச் சொல்லாமல் மறைத்தால், அது உண்மை அமைச்சகத்தின் வேலையல்லவா?

தான் சொல்வதாலேயே எதையும் நம்பிவிட வேண்டாம், சொந்த அறிவால் ஆராய்ந்து கொள்வதைக் கொள்ளுங்கள் என்று மேடைதோறும் கூறியவர் பெரியார். ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரும், கடிந்துரைக்கும் துணையில்லாத அரசன் பகைவர் இல்லாமலே அழிவான் என்று எச்சரித்தார். அண்ணன் என்று அன்போடு அழைப்போம், அதிலே தவறில்லை. ஆனால், ‘அண்ணா, இது தவறு’ என்று தம்பி எழுந்து சொல்லவும், சொன்ன தம்பி அச்சமின்றி வீடு திரும்பவும் இடமிருக்க வேண்டும். அந்த இடம் நம் மன்றங்களிலே இன்னும் இருக்கிறதா? ‘1984’-ஐப் படித்து முடிக்கும் ஒவ்வொரு தோழரும், அடுத்த கூட்டத்திலே எழுந்து கேட்டுப் பார்க்கட்டும்.